அனந்தநாராயணன் சாமியின் பாஸ்

மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று தெரிய வேண்டுமானால் வேலி வழியாக எட்டிப் பார்த்து மானம் கெட வேண்டியதில்லை. அந்த வீட்டுத் துணியைத் துவைக்கிறவர்களைக் கேட்டால் போதும். யாருக்கு மாதம் தள்ளிப்போயிருக்கிறது, யாருக்கு இருமலில் ரத்தம் வருகிறது, மிளகுக் கடைச் சேட்டு வாரத்தில் எந்த நாள் வேறு வீட்டில் படுத்து எழுந்து வருகிறார், எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் கேட்டுப் பாருங்கள், ஒரு வார்த்தை வாங்க முடியாது. துணியில் பார்த்ததைச் சலவைத் துறைக்கு வெளியே பேசக் கூடாது என்பது அங்கிருந்த தமிழ்ச் சலவைக்காரர்களுக்கு அரிச்சுவடி. பேசிவிட்டால் பேசினவருக்கு அப்புறம் துறையில் கல் கிடையாது, தொட்டி கிடையாது, உலர்த்தக் கயிறும் கிடையாது.

மாயம்மாள் அந்தத் துறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் அழகரின் முன்னோர்கள் எந்தக் காலத்திலோ கொச்சிக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர் பேச்சில் முக்கால் பங்கு மலையாளம், கால் பங்கு தமிழ். கல்லில் அடித்துத் துவைப்பது அவர் பாடு. துணி பிரிப்பது, குறி பார்ப்பது, கஞ்சி போடுவது, சிரட்டைக் கரி போட்டுத் தேய்ப்பது எல்லாம் மாயம்மாள் பாடு. மூட்டையைப் பிரித்ததும் அவள் செய்கிற முதல் காரியம் பை துழாவுவதுதான். பேனா, சாவி, மாத்திரை, பஸ் டிக்கெட், ஒரு தடவை ஒரு சேட்டின் ஜிப்பாவில் ஒற்றை வளையல். எது கிடைத்தாலும் துண்டுத் துணியில் பொதிந்து, அந்த வீட்டுக் குறியைப் போட்டு, முடிந்து, சுவரில் ஆணியில் தொங்கவிடுவாள். துணி தேய்த்து மடித்துத் திரும்பிப் போகும்போது அந்த முடிச்சும் அதே சட்டையின் ஓரத்தில் கட்டப்பட்டுப் போகும். ‘இந்தாங்க, உங்க பையில இருந்துச்சு’ என்று வாயால் சொல்வதுகூட வழக்கமில்லை. அவளுக்கு இடது கைப் பழக்கம். அவள் போடும் முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கும்.

அவர்களுக்கு ஒரே பையன், நல்லசிவம். காலேஜில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தான். துறையில் பிறந்த பிள்ளைகளில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை. மலையாளத்தில் பக்கம் பக்கமாக எழுதுவான், தமிழில் தன் பெயரை எழுதச் சொன்னால் மூச்சு வாங்கும். சனிக்கிழமைகளில் அப்பாவுடன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலம் தாண்டி விமான நிலையத்துக்கு, அவர்கள் பேச்சில் விமானத்தாவளத்துக்குப் போவான். அங்கே வேலை பார்க்கும் அதிகாரிகளின் உடுப்பும், ஓய்வறைப் படுக்கை விரிப்புகளும் அழகரின் பொறுப்பில் இருந்தன. மழைக்காலத்தில் வீட்டுத் துணி குறைந்துபோனாலும் அந்த வரும்படி நிற்காது. அதில்தான் அவன் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அது எண்பத்தாறாம் வருஷத்துக் கர்க்கடக மாத மழை, நம் ஆடி மழை. அதற்கு முந்தின வருஷம் எங்கோ கடலுக்கு மேலே ஒரு விமானம் வெடித்துச் சிதறியதிலிருந்து நாடெங்கும் விமானத்தாவளங்களில் காவலைக் கூட்டியிருந்தார்கள். கூட்டிய காவல் முழுதும் அழகரின் மூட்டை மேல் வந்து விடிந்தது. வாசலில் நின்ற காவல்காரர் மூட்டையைத் தரையில் பிரித்துப் போடச் சொல்லி லத்தியால் கிளறுவார். ஒரு சனிக்கிழமை மழைத் தண்ணீரில் கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு ஒன்று பரந்து விழுந்து, அதன் மேல் பூட்ஸ் தடம் பதிந்தது. அந்த நேரம் அதிகாரிகள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். காவல்காரர் அவர்களுக்கு சலாம் வைத்தாரே தவிர யாரையும் நிறுத்தவில்லை.

"அவங்களைச் சோதிச்சு நோக்க வேண்டாமா, சேட்டா?" என்று நல்லசிவம் கேட்டான்.

"அவரை எங்களுக்கு அறியுமல்லோ."

"எங்க அப்பாவையும் இத்தனை வருஷமா அறியுமே?"

காவல்காரர் சிரித்தார். அழகரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் பையனுக்குப் பொறுக்கவில்லை.

"விடுடா மோனே. ஒரு விரிப்புதானே? இன்னொரு வட்டம் அடிச்சாப் போச்சு" என்று வழியெல்லாம் அழகர் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு வந்த அழுக்கு மூட்டையில் அனந்தநாராயணன் சாமியின் சட்டைப் பையில் அவருடைய பாஸ் இருந்தது. படம் ஒட்டி முத்திரை குத்திய அட்டை. சாமி பாலக்காட்டுக்காரர், விமானத்தாவளத்தில் நடுத்தர உத்தியோகம். பையில் ஏதாவது விட்டுவிடுவது அவருக்கு வாடிக்கை. மாயம்மாள் வழக்கம்போல அட்டையைப் பொதிந்து முடிந்து ஆணியில் மாட்டினாள். அடுத்த சனிக்கிழமை மூட்டை கட்டும்போது எடுத்தவள், ஒரு கணம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். முடிச்சு மற்றவர்கள் போடுவதுபோல வலப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். அட்டை உள்ளேதான் இருந்தது. எலி இழுத்திருக்கும், அழகர் எடுத்துப் பார்த்திருப்பார் என்று தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டு, மறுபடி தன் கையால் முடிந்து அனுப்பிவைத்தாள். தாய் மனசுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை.

அடுத்த வாரம் சாயங்காலப் பத்திரிகை ஒன்றில் அது வந்தது. பக்கத்து வீட்டுக் கங்கா பள்ளுருத்தியில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போகிறவள். கையில் இறால் வாடையோடு அந்தப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாயம்மாக்கா, நம்ம சிவத்தோட பேரு! படத்தோட போட்டிருக்கு!"

மாயம்மாளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. கங்கா ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். ஒரு அதிகாரியின் பாஸ் தன் கைக்கு வந்தது என்றும், அதைக் காட்டி விமானத்தாவளத்துக்குள் போனதாகவும் எழுதியிருந்தான். அட்டையில் இருந்தது கண்ணாடி போட்ட, வெளுத்த, தன் அப்பா வயதுக்காரரின் முகம். காவல்காரர் அட்டையைப் பார்த்தார், தன் முகத்தைப் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்த விமானத்தின் ஏணி வரைக்கும் போய், சக்கரத்தைத் தொட்டுப் பார்த்ததாகவும், அது இன்னும் சூடாக இருந்ததாகவும், பிறகு கேன்டீனில் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பி வந்ததாகவும் எழுதியிருந்தான். சலவை மூட்டையைக் குத்திப் பார்க்கிறவர்கள் மனுஷ முகத்தைப் பார்க்க மாட்டார்களா என்று முடித்திருந்தான். பாஸ் யாருடையது, எப்படிக் கைக்கு வந்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

காலேஜிலிருந்து வந்தவனை மாயம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"அவுக சட்டையைப் போட்டுக்கிட்டா போனே?"

"இல்லம்மா. என் சட்டைதான். அந்த நீலச் சட்டை."

"சத்தியமா?"

"அம்மையாணே."

அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. துவைக்க வந்த துணியை உடுத்திக்கொண்டு திரிகிறவர்கள் என்று ஊர் காலங்காலமாகச் சலவைக்காரர்களைக் கேலி பேசும். அந்தப் பேச்சுக்கு இடம் வைக்காமல் பையன் போயிருக்கிறான் என்பதில் அவளுக்கு ஒரு ஆறுதல். மறு பாதி உயிர் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என் முடிச்சை எதுக்குடா அவுத்தே?"

"அப்பா துணியை அந்த ஆளு பூட்ஸால சவிட்டினானே அம்மா, நீ கண்டிருக்கணும்."

"கண்டா? கண்டா நானும் அவுத்துருவேனா? நம்மளை நம்பித்தானடா பையோட சட்டையைத் தர்றாங்க."

"அதனாலதான் ஆருடைய பாஸுன்னு நான் எழுதல. எழுதவும் மாட்டேன்."

"பெரிய நியாயம்! முடிச்சை அவுத்தவனுக்குப் பாதி நியாயம் ஒரு கேடா?" என்று கையை ஓங்கினாள். ஓங்கின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையிலேயே வைத்துக்கொண்டாள்.

போலீஸ் மறுநாள் காலை வந்தது. பையனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது இடது கன்னம் வீங்கியிருந்தது. கேட்டால் பல்வலி என்றான். விமானத்தாவளத்தில் எல்லா அதிகாரிகளின் பாஸையும் எடுத்துப் பார்த்தார்களாம், ஒன்றுகூடக் குறையவில்லையாம். ஆகவே பையன் புளுகியிருக்கிறான், ஜனங்களைப் பயமுறுத்தப் பொய்ச் செய்தி பரப்பியிருக்கிறான் என்று ஆகிவிட்டது. பத்திரிகைக்காரர் ‘எழுதினவன்தான் உத்தரவாதி’ என்று கையைக் கழுவிவிட்டார். காலேஜ் அவனை வெளியே நிறுத்தியது. டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி விசாரிக்க வருகிறார் என்றும், அவரிடம் ‘நான் எழுதினதெல்லாம் கற்பனை’ என்று மாப்பு எழுதிக் கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும், இல்லையென்றால் வழக்கு, அப்புறம் எந்தக் காலேஜும் அவனைச் சேர்க்காது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

துறைத் தலைவர் பிச்சுமணி குடையில்லாமல் நனைந்துகொண்டே வந்தார். பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல் இருக்கும். அன்றைக்கும் இருந்தது.

"என்ன அழகரு, மகன் பிளேன் ஓட்டப் போறானாமே? எங்களையெல்லாம் ஏத்துவானா?"

அழகர் சாயா போடச் சொன்னார். பால் விடாத கட்டன் சாயாவை ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் பிச்சுமணி குரலைத் தாழ்த்தினார்.

"எந்த வீட்டுப் பையிலேருந்து எடுத்தான்னு எனக்கு வேண்டாம். அவன் பறையல, அது நல்ல காரியம். அதோட இருக்கட்டும். நம்ம ஆளுங்க வாயிலேருந்து ஒரு வீட்டுப் பேரு வெளிய வந்துதுன்னு வையி, நாளைக்கு இந்தத் துறையில ஒருத்தனுக்கும் ஒரு தோர்த்துத் துண்டுகூட வராது. உனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்தான். கேட்டியா மாயம்மா?"

"கேட்டேன் அண்ணாச்சி."

"மாப்பு எழுதிக் கொடுக்கச் சொல்லு. எழுத்துதானே? கல்லுல அலக்கினாப் போயிரும்."

அவர் போன பிறகு அழகர் பையனிடம் கெஞ்சிப் பார்த்தார். பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ‘நடந்ததை நடக்கலைன்னு என் கையால எழுத மாட்டேன் அப்பா’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அழகர் எழுந்து போய், மழையென்றும் பாராமல், ஏற்கெனவே வெளுத்திருந்த விரிப்புகளை மறுபடி எடுத்துக் கல்லில் அடிக்கத் தொடங்கினார்.

மழை விடாமல் பெய்தது. துறைக் கொட்டகையில் முறுக்குக் கயிறுகளின் பிரிக்கு நடுவே நுனியைச் செருகித் தொங்கவிட்ட துணிகள் காயாமல் புழுங்கி நாறின. மாயம்மாள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வந்து தேய்ப்புப் பெட்டியின் சூட்டில் உலர்த்திக்கொண்டிருந்தாள். அடுப்பில் மரவள்ளிக் கப்பை வெந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அனந்தநாராயணன் சாமி வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அந்தச் சந்துக்குள் கால் வைத்ததில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடையை மடக்கத் தெரியாமல் வாசலில் தடுமாறினார். பையன் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போயிருந்தான், அழகர் துறையில் இருந்தார். ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருப்பார்.

"மாயம்மா, உட்காரலாமோ?"

அவள் துணி மேசைக்கு அடியிலிருந்த முக்காலியைத் துடைத்துப் போட்டாள். சாயா கொடுத்தாள். வாங்கிக் குடிப்பாரோ என்று சந்தேகமாக இருந்தது. குடித்தார்.

"என்னோட பாஸாக்கும் அது" என்றார். "நேக்குத் தெரியும். சனிக்கிழமை சட்டையை விரிச்சப்போ முடிச்சுல இருந்துது. அதுக்கு முன்னாடி அது இல்லாம இருந்துதுன்னே நான் அறியல்லை. ஒரு வாரம் பூராவும் வெறுங்கையோட உள்ள போயிண்டும் வந்திண்டும் இருந்திருக்கேன். ஆரும் ஒரு வார்த்தை கேக்கல்லை. பேப்பரைப் பார்த்தப்புறந்தான் எல்லாம் விளங்கித்து."

மாயம்மாள் தேய்ப்புப் பெட்டியின் கரியை ஊதினாள்.

"இப்போ நான் வாயைத் திறந்தா என்னை வேலையிலேருந்து நிறுத்திடுவா. பாஸைத் தொலைச்சதும் குற்றம், சொல்லாததும் குற்றம். ஆத்துல அம்மாவுக்குக் கண் தெரியல்லை, தம்பி பிள்ளைகளும் எங்கிட்டதான் வளர்றா. உன் பையன் தங்கமானவனாக்கும், ஸ்டேஷன்ல அடிச்சுக் கேட்டும் என் பேரைச் சொல்லல்லை. அந்த டெல்லிக்காரருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. பாஷை தெரிஞ்சவன்னு என்னையே கூட இருந்து சொல்லச் சொல்லிருக்கா. நீ பயப்படவே வேண்டாம். அவன் மாப்பு எழுதட்டும், நான் நல்ல விதமாச் சொல்லி முடிச்சு வைக்கறேன்."

"அவன் எழுத மாட்டேங்கறானே, சாமி."

"அப்போ நீ சொன்னாலும் போரும். தாயார் சொன்னா அதுக்கு ஒரு மதிப்புண்டு."

என்ன சொல்ல வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "இத்தனை வருஷத்துல என் பையில விட்ட ஒரு சாமான்கூட வராம இருந்ததில்லை, மாயம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர் வந்து கெஞ்சும்போது மறுப்பது, மோசமானவனை மறுப்பதைவிட எத்தனையோ கஷ்டம். அன்று கப்பை அடிப்பிடித்துத் தீய்ந்துபோனது, அவளுக்கு வாடைகூடத் தெரியவில்லை.

விசாரணை விமானத்தாவளத்தின் ஒரு பக்கத்து அறையில் நடந்தது. வாசலில் மாயம்மாளின் வெற்றிலைப் பையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பாக்கைக்கூட ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார்கள். அழகரை வெளியே நிறுத்திவிட்டு அவளையும் பையனையும் உள்ளே அனுப்பினார்கள். ‘சாமி சொல்றபடி சொல்லிட்டு வா’ என்று அழகர் அவள் காதில் சொல்லியிருந்தார். அவளும் அப்படித்தான் தீர்மானித்திருந்தாள். ஒரு வார்த்தைதான். துறையும் பிழைக்கும், சாமியும் பிழைப்பார், பையனும் படிப்பான். பொய்யென்றால் பொய், ஊரில் யார்தான் சொல்லவில்லை என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லி மரத்துப்போகப் பண்ணியிருந்தாள்.

டெல்லி அதிகாரி வெள்ளைவெளேரென்று சட்டை போட்டிருந்தார். நன்றாகத் தேய்த்த சட்டை, ஆனால் காலரில் கஞ்சி கட்டியிருந்தது. பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒருவர் இருந்தார், அவரும் வடக்கத்திக்காரர். அனந்தநாராயணன் ஓரமாக நின்றார். சட்டைப் பையில் அந்தப் பாஸ் குத்தியிருந்தது. அதிகாரி பையனிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார், பையன் ஏதோ சொன்னான், அவர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு மாயம்மாள் பக்கம் திரும்பி நீளமாகப் பேசினார்.

"மாயம்மா" என்றார் சாமி, அவள் முகத்தைப் பார்க்காமல். "பையன் குழந்தைலேருந்தே இல்லாததைக் கட்டிச் சொல்ற சுபாவமாக்கும்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போரும்ங்கறார். எழுதிண்டு அவனை விட்டுடுவாராம்."

மாயம்மாள் பையனைப் பார்த்தாள். முறைத்துக்கொண்டு நிற்பான், சொல்லாதே என்று கண்ணால் மிரட்டுவான் என்று நினைத்திருந்தாள். அவன் அப்படி நிற்கவில்லை. தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிக்கோ, எனக்குப் புரியும் என்று சம்மதம் கொடுத்துவிட்டவன்போல நின்றான். வீக்கம் வடிந்த கன்னம் மட்டும் இன்னும் கறுத்துக் கிடந்தது. வழியெல்லாம் மரத்துப்போகப் பண்ணி வைத்திருந்த வார்த்தை வாய்க்கு வரவில்லை.

"அவனுக்குக் கட்டிச் சொல்லத் தெரியாது, சாமி" என்றாள். "சின்னதுல ஒரு மீன் துண்டைக் களவாண்டு தின்னாலும் கேட்டதும் சொல்லிருவான். அந்தப் பாஸு உங்க பையில இருந்துச்சு. நான் எடுத்து முடிஞ்சு ஆணியில மாட்டினேன். அதை அவன் அவுத்தது தப்பு. அதை வீட்டுல வச்சு நான் கேட்டுக்கறேன். ஆனா அவன் எழுதினது அத்தனையும் நெசம். அந்த வாரம் பூரா நீங்களும் பாஸ் இல்லாமத்தான் உள்ள வந்து போனீங்க, ஆரும் கேக்கல. நீங்கதான் என்கிட்ட சொன்னீங்க. அதையும் இவருகிட்டச் சொல்லுங்க, சாமி. என்னை மன்னிச்சிருங்க."

பையன் தலை நிமிர்ந்தான். டெல்லி அதிகாரி பேனாவைத் தட்டிக்கொண்டு, என்ன சொல்கிறாள் என்பதுபோலச் சாமியைப் பார்த்தார்.

சாமி என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அவரைத் தவிரத் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவன் பையன் ஒருவன்தான், அவன் பேச்சோ எடுபடாது. அனந்தநாராயணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியைத் தேடினார். அன்றைக்குப் பேன்ட் போட்டிருந்தார். துடைக்காமலே கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில் கொஞ்சமாக ஏதோ சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவரின் கை நின்றது. அதிகாரி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். சாமி பையிலிருந்த பாஸைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

இவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் நின்று மாயம்மாள் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடா சொன்னாரு? நான் அம்புட்டு நேரம் பேசினேன், அவரு ரெண்டு வாக்குல முடிச்சுட்டாரே?"

"இவங்க இப்படிச் சொல்றாங்கன்னு அவரு துடங்கவேயில்லம்மா. பாஸ் என்னோடது, பையன் எழுதினதெல்லாம் சரிதான்னு தன் பேச்சாவே சொன்னாரு."

மாயம்மாள் அப்படியே வராந்தாப் படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பையன் பிழைத்தான் என்று அழுதாளா, அந்த மனுஷரைக் கெடுத்துவிட்டோமே என்று அழுதாளா, அவளுக்கே தெரியாது. இரண்டுக்கும்தான் அழுதிருப்பாள்.

பொய் இல்லையென்று ஆன பிறகு அதைப் பற்றிப் பேசவே யாருக்கும் இஷ்டமில்லை. பேசினால் காவல் ஓட்டையென்று ஒப்புக்கொள்ள வேண்டும். வழக்கு இல்லை என்றார்கள். காலேஜ், இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் வா என்றது. பத்திரிகையில் ஒரு வரியும் வரவில்லை, ஆனால் பாஸ் சலவைக்குப் போன சட்டைப் பையிலிருந்து வந்த கதை ஊருக்குள் வாய் வழியாகப் பரவிவிட்டது. அனந்தநாராயணனை வடகிழக்கில் எங்கோ மாற்றினார்கள். அவர் வீடு காலி செய்து போன விஷயம்கூட மாயம்மாளுக்குப் பிறகு கங்கா சொல்லித்தான் தெரிந்தது. விமானத்தாவளத்துத் துணி கலூரில் ஒரு மெஷின் சலவைக்காரருக்குப் போய்விட்டது. அழகர் சனிக்கிழமைகளில் சைக்கிளைத் துடைத்து மட்டும் வைத்தார்.

பிச்சுமணி வந்து நின்றார். கிண்டல் இல்லை.

"கல்லை உங்கிட்டேருந்து எடுக்கல, மாயம்மா. எனக்கும் ஒரு மகன் உண்டு. ஆனா வர்றதை எல்லாருமாச் சேர்ந்துதான் பார்க்கணும்."

வருவது அடுத்த திங்கட்கிழமையே வந்தது. அழகர் மிளகுக் கடைச் சேட்டு வீட்டு மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். மாயம்மாள் பிரித்தாள். முதல் சட்டையின் பை வெளிப்பக்கமாக இழுத்துத் திருப்பியிருந்தது. அவசரத்தில் திருப்பியிருப்பார்கள் என்று உள்ளே தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. கால்சட்டையில் இரண்டு பக்கமும் வெள்ளைப் பைகள் வெளியே தொங்கின. கொங்கணி வீட்டு மூட்டை, வைத்தியர் வீட்டு மூட்டை, எல்லாவற்றிலும் ஒவ்வொரு பையும் வெளியே இழுத்து, நுனி வரைக்கும் உதறி அனுப்பியிருந்தார்கள். சின்னக் குழந்தையின் நிக்கரில் விரல் நுழையாத பையைக்கூட விடவில்லை. எழுந்து பக்கத்துத் தொட்டிகளைப் பார்த்தாள். துறை முழுதும் அப்படித்தான். சிலர் அவளைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

நல்லசிவம் பக்கத்தில் வந்து குந்தினான். ஒரு கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக நிற்கவில்லை.

"நேத்து பாலத்துப் பக்கம் போனேன்மா. அந்த விமானத்தாவளக் கேட்டுல இப்பவும் அதே ஆளுதான். காரைக் கண்டதும் சலாம் வைக்கிறான், முகத்தை நோக்கறதே இல்ல. அங்க ஒண்ணும் மாறல. இங்கதான் எல்லாரும் செக்கிங் படிச்சிட்டாங்க."

மாயம்மாள் அவன் கையிலிருந்த கால்சட்டையை வாங்கினாள். பையை உள்ளே தள்ளி, உள் தையலை விரலால் நீவிவிட்டு, அடுத்ததை அவன் பக்கம் போட்டாள்.

"உள்ள தள்ளுடா" என்றாள். "வெளிய கிடந்தா கல்லுல அடிக்கறப்போ கிழிஞ்சிரும். கிழிஞ்சா அதுக்கும் நம்மளைத்தான் சொல்லுவாங்க."